ஆறாயிரத்துக்கு மேல்

தெலுக் இந்தானில்
சாய்ந்த கோபுரத்துக்குப் பின்தெருவில்
லியோங் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தான்.
ஒன்றில் இரண்டு வட்டு போகும், மற்றதில் நான்கு.
'எவ்வளவு பாட்டு வைத்திருக்கிறாய்?' மலாயில் கேட்டான்.
எத்தனை என்றால் சொல்லியிருப்பேன்.
ஒரு மணி நேரத் தோடி
மூன்று ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு.
தவில் சேர்ந்தால் சுருங்க மறுக்கும்.
குலை லோரி எடைமேடை ஏறுவதைத்
தினமும் பார்க்கிறவன் நான்,
பாட்டின் எடையைச் சொல்லத் திணறினேன்.

நான்கு வட்டுப் பெட்டிக்கு விசிறி பெரிது.
இரண்டு வட்டுப் பெட்டியில்
ஒன்று எழுதுவதை மற்றதும் எழுதும்,
ஒன்று செத்தால் மற்றது பாடும்.
'எட்டுக்குக் காசு கொடுத்து
நாலு வாங்குற கடையை
இப்பத்தான் பார்க்கிறேன்'
என்றாள் புனிதவதி, கைப்பையைத் திறக்காமல்.
லியோங் சிரித்தான்.
'இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்,
மூன்றாவது ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.'
விற்பனைப் பேச்சு என்று நினைத்தேன்.
போன ஏப்ரலில் மோடம் கருகிய வாசம்
மூக்கிலேயே இருந்தும்
வேண்டாம் என்றேன்.

அவனிடம் ஒன்றைச் சொல்லவில்லை.
வருஷத்துக்கு ஒருமுறை மில்லுக்கு வேன் வரும்.
காதில் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுப்பார்கள்.
சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும்.
இருபத்தாறு வருஷம் பாயிலர் பக்கத்தில் நின்றவன்,
கேட்டதற்கெல்லாம் அழுத்தினேன்,
கேட்காததற்கும் ஓரிரண்டு.
தாளில் கோடு ஒழுங்காகத்தான் போகிறது.
ஆறாயிரம் ஹெர்ட்ஸில்
பேராக் ஆற்றங்கரை இடிந்த மாதிரி
அப்படியே கீழே.
அந்தக் காதுக்குத்தான்
ஒரு வினாடியை
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரமாக
நறுக்கி வாங்கி வைக்கிறேன்.

ஊத்தான் மெலிந்தாங் வந்து சேர மழை.
கேபிளைக் கூரைக்குள் இழுத்து,
சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்து,
பொத்தானை அமுக்கினேன். பச்சை விளக்கு.
'பார், மூச்சு விடுற சத்தம்கூட இல்லை!'
சமையல்கட்டிலிருந்து அவள்:
'என்னது அது, பல்லி கத்துற மாதிரி?'
குனிந்து காதை ஒட்டினேன்.
சூடு மட்டும் இருந்தது.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
வீடெல்லாம் அவள் பின்னால் நடந்தேன்.
கூடத்தில் 'கீச்' என்றாள். படுக்கையறையில் 'ஐயோ.'
செருப்பு அலமாரியில் கொஞ்சம் யோசித்தாள்.
பழைய ஜப்பான் சிலிப்பர் ஒன்றை எடுத்து
நாலு துண்டாக வெட்டி
நாலு காலுக்கும் கீழே கொடுத்தாள்.
'இப்ப சரி.'
எனக்கு முன்பும் சரிதான்.

சாப்பிட்ட கையோடு அந்தத் தோடியைப் போட்டேன்.
கச்சேரிப் பதிவு. ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன்,
எந்த இடத்தில் பாடகர் இருமுவார்
என்பதுவரை மனப்பாடம்.
ஆலாபனை ஓய்ந்து
வயலின் தொடங்கும் முன்னுள்ள இடைவெளியில்
துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
'யாரோ ஒருத்தி
வளையலைத் தள்ளி விட்டுக்கிட்டா.'
'எங்கே?'
'இடது பக்கம், பின்னால. கண்ணாடி வளையல்.'

பின்னால் இழுத்துப் போட்டேன்.
'இதோ' என்று விரலைத் தூக்கினாள்.
மறுபடி இழுத்தேன்.
மூன்று தரமும் அவள் விரலைத்தான் கேட்டேன்.

படுக்கும்போது திரையில்
நகலெடுப்பு நாற்பத்தொரு விழுக்காடு.
வெளியே பாகான் டத்தோ பக்கம் மின்னியது.
அங்கேதான் மச்சான் வீடு,
காலி பிஸ்கட் டின்னுக்குப் பஞ்சமில்லை.
காலையில் மில் சங்கு ஊதும் முன்பே
லியோங்கை எழுப்பிவிட்டேன்.
'மூன்றாவது வட்டு இருக்கிறதா?'
தூக்கத்தில் கேட்டான்:
'எவ்வளவு பெரிசு?'